ஒரிஜினல் நங்கூரம்

பேட்டையில் எங்கள் கம்பெனி வாசலில், செக்யூரிட்டி அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு நங்கூரம் கிடந்தது. நாலு கொக்கி வைத்த பெரிய இரும்பு நங்கூரம். அதன் தலையில் கட்டிய கயிறு ஒரு சாக்கு நிறையச் சுருண்டிருந்தது. கயிற்றில் ஈரம் இன்னும் காயவில்லை. கடல் வாடை கேட்டைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

நங்கூரத்துக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் சூசை நின்றான். இந்தப் பக்கம் செக்யூரிட்டி அண்ணாச்சி.

“இத உள்ள விட முடியாது வே. ஆயுதம் கணக்கால்லா இருக்கு.”

“நங்கூரம் வே. நீரு நங்கூரமே பாத்ததில்லியா?”

“பாத்திருக்கேன். இன்டர்வியூக்கு வந்து பாத்ததில்ல.”

அந்த இன்டர்வியூ எனக்குத்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். நான் நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, மனசுக்குள் ஆங்கிலம் சொல்லிக்கொண்டு வருகிறேன். வாசலில் அண்ணனும் நங்கூரமும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“அண்ணே, இத எதுக்கு இங்கன கொண்டாந்த?”

“நீதானட்டீ கேட்ட?”

“நான் கேட்டது வீட்டுக்குப் பொறத்தால துருப்பிடிச்சுக் கெடக்குற குட்டி நங்கூரத்த. அதுவும் போன ஞாயித்துக்கெழம. இது வள்ளத்து நங்கூரம்லா!”

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். படித்த தங்கச்சிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

“இன்டர்வியூன்னா ஒரிஜினல் கேப்பாங்கள்லா?” என்றான்.

போனைக் கைமாற்றியவள்

போன வாரம் என் பாக்கிங் செக்‌ஷனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நீங்கள் எப்படி டெஸ்பாட்ச் இன்சார்ஜ் ஆனீர்கள்?” அதைச் சொல்லத்தான் நங்கூரத்தை வாசலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கிடக்கட்டும். அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நான் உவரிப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிறந்தவள். பெயர் மெற்றில்டா. கல்யாணம் ஆகிப் பேட்டைக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பக்கத்துப் பட்டறையில் லேத் வேலை. எனக்கு வால்வு செய்கிற கம்பெனியில் பாக்கிங். வால்வைத் துடைத்து, எண்ணெய் காகிதம் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும்.

எந்தப் பெட்டி எந்த லாரியில் போகிறது, எந்த டிரைவர் எங்கே டீ குடிப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் மேசை மேல் இருக்கும் போன் அடித்து, அந்தப் பக்கம் ஒருவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால், “ஒன் மினிட் சார்” என்று சொல்லி இன்சார்ஜ் கையில் கொடுத்துவிடுவேன். அவர் வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, “அந்தப் பெட்டி எங்கம்மா போச்சு?” என்று என்னிடமே கேட்பார். நான் தமிழில் சொல்வேன். அவர் ஆங்கிலத்தில் சொல்வார். சபாஷ் அவருக்கு.

இன்சார்ஜ் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பது நான். அவருக்குக் கீழே நிற்பதும் நான். அந்த இடத்துக்கு நான் மனுப் போடும்போதெல்லாம் ஆங்கிலச் சுற்றில் கழித்துக்கட்டிவிடுவார்கள்.

இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு மனுவே போட முடியாது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தப் போனைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரியும்.

தொட்டுவிட்டுச் சொல்

எங்கள் ஆங்கிலத்துக்கு வாத்தியார் யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து நாங்களே உண்டாக்கியது. ஸ்டோர்ஸில் இருக்கும் கோமதி தச்சநல்லூர்க்காரி. வாய் அதிகம், மனசு வெள்ளை. வால்வில் கசிவு பார்க்கும் பாத்திமாக்கா மேலப்பாளையம். மூன்றாவது நான்.

முதலில் போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தோம். அப்போதுதான் ஒரு மூத்த ஃபோர்மேனுக்கு வழியனுப்பு விழா வந்தது. கோமதி மேடை ஏறி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினாள். “அண்ணாச்சி இந்தக் கம்பெனியின் ஃபர்னிச்சர்” என்று முடித்தாள். ஆபீஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இதுல என்னட்டீ தப்பு?” என்று கேட்டு அவள் அழுதே விட்டாள். “அவரு எப்பவும் அதே எடத்துல இருப்பாரு. அவரு இல்லன்னா நமக்கு ஒக்கார எடமில்ல. அதத்தான சொன்னேன்?”

எனக்கு இன்றைக்கும் அது நல்ல வாக்கியமாகத்தான் படுகிறது. ஆனாலும் கோமதிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பே சட்டம் போட்டாள். வாரத்துக்கு ஒரு சொல். முதலில் அந்தப் பொருளைக் கொண்டுவந்து எல்லாரும் தொட்டுப் பார்க்க வேண்டும். அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்து ஒரு நேரடி வாக்கியம். அதற்குப் பிறகுதான் மனுஷர்களைப் பற்றி உருவகமாக ஒரு வாக்கியம்.

பாத்திமாக்கா அதில் இன்னொன்றையும் சேர்த்தாள். “உருவகத்த அடுத்தவங்களுக்குத்தான் சொல்லணும். தன்னத்தானே நான் தூணு, நான் முதுகெலும்புன்னு பீத்திக்கிடக் கூடாது.”

அப்படித்தான் புனல் வந்தது, சல்லடை வந்தது, கதவுக் கீல் வந்தது. கீலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டுக்குக் கீல் என் மாமியார்” என்று பாத்திமாக்கா ஆங்கிலத்தில் சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். எதைத் திறப்பது, எதை மூடுவது எல்லாம் அந்த அம்மா கையில்தான்.

கல்லைப் பார்க்க வந்தவர்கள்

கொண்டுவர முடியாத பொருள் என்றால் நாங்களே போய்விடுவோம். ஸ்பில்வே என்ற சொல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு மணிமுத்தாறு அணைக்கே போனோம். அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வழி அது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற கோமதி, “எனக்கு ஸ்பில்வே நீங்க ரெண்டு பேருந்தாம்ட்டீ” என்றாள். வீட்டில் அவள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை.

மைல்ஸ்டோன் வாரத்தில் தென்காசி ரோட்டில் ஒரு மைல்கல்லைத் தேடிப் பிடித்தோம். மூன்று பெண்கள் ரோட்டோரம் குனிந்து ஒரு கல்லைத் தடவிக்கொண்டிருக்கிறோம். ஒரு டவுன் பஸ் வந்து நின்றது.

“ஏறுங்கம்மா, சீக்கிரம்” என்றார் கண்டக்டர்.

“நாங்க பஸ்ஸுக்கு நிக்கல அண்ணாச்சி. கல்லப் பாக்க வந்தோம்.”

“எந்தூருக்காரங்க வே இவங்க?” என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே விசில் ஊதினார். பஸ் போன பிறகும் ஜன்னல்களில் தலைகள் திரும்பி எங்களைப் பார்த்தபடியே போயின.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தக் கல்லைத் தொட்ட பிறகு அந்தச் சொல் எங்களுக்கு மறக்கவே இல்லை. கல் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்காது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றுதான் காட்டும். இதை எந்த வீடியோவும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சென்னை மேடம் கேட்ட சொல்

இந்தத் தடவை இன்டர்வியூ எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவதாகச் சொன்னார்கள். மனப்பாட ஆங்கிலம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துப்போயிருக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு நிபந்தனை அனுப்பியிருந்தார்கள். உங்கள் வேலைக்குப் பொருந்தும் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நேர்ப்பொருளிலும் உருவகப் பொருளிலும் சரியாகப் பயன்படுத்திப் பேசுங்கள்.

அதைப் படித்ததும் கோமதி ஒரு குதி குதித்தாள். “ஏட்டி, நம்ம பாடத்தயே பரீட்சையில கேட்டுட்டாவட்டீ!”

நான் ஆங்கர் என்ற சொல்லை எடுத்தேன். பேட்டையில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஃபிட்டருக்கு ஆங்கர் போல்ட் ஞாபகம் வரும். மற்ற எல்லாருக்கும் டிவியில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சிரிக்கிற பெண் ஞாபகம் வரும். எனக்கு அண்ணனின் மீன்பிடி வள்ளம்தான் வரும்.

“நங்கூரம் கனத்துல நிக்காது, கயித்து நீளத்துலதான் நிக்கும்” என்று மதியம் அவர்களுக்கு விளக்கினேன்.

“சும்மா கயிறு திரிக்காதட்டீ” என்றாள் கோமதி. “நீ பொறந்ததுலேர்ந்து தொட்டிருப்ப. நாங்க தொடல்லியே? சட்டம்னா சட்டம். கொண்டா, பாத்துட்டு நம்புதோம்.”

சரியென்று அண்ணனுக்குப் போன் போட்டேன். “இன்டர்வியூக்குப் படிக்கோம், ஒரு நங்கூரம் வேணும்” என்றேன். குட்டி நங்கூரம், ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னேன். கடற்கரைக் காற்றில் அவன் காதில் விழுந்தது இன்டர்வியூ, நங்கூரம், இரண்டும்தான். இன்டர்வியூ என்றைக்கு என்பதை என் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். அவன் மகன் ஒருமுறை சான்றிதழ் நகலோடு இன்டர்வியூக்குப் போய், ஒரிஜினல் இல்லை என்று திரும்பி வந்தவன். அந்தச் சூடு அண்ணனுக்கு ஆறவே இல்லை.

அதனால்தான் விடியும் முன் வள்ளத்திலிருந்து நங்கூரத்தை அவிழ்த்து, தோளில் போட்டு, திசையன்விளையில் பஸ் ஏறி, லக்கேஜ் டிக்கெட்டுக்குக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி, பேட்டை வாசலில் வந்து நின்றான். தங்கச்சியை ஒருத்தனும் ஒரிஜினல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

எதுக்கு நங்கூரம்?

நங்கூரத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். மேடமும், ஏற்றுமதிப் பிரிவு சார் ஒருவரும், எங்கள் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். இதைத் தமிழில் எழுதுகிறேன். அங்கே பேசியது அத்தனையும் ஆங்கிலம். அதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

நேர்ப்பொருள் சொன்னேன். “கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைப் பார் என்போம். என் அண்ணன் அங்கே நங்கூரம் போட்டுவிட்டுத்தான் தூண்டில் போடுவான்.”

உருவகம் சொன்னேன். “அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு நங்கூரம் என் அண்ணன்தான்.”

மேடம் தலையசைத்தார்கள். ஏற்றுமதி சார் மட்டும் முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“நங்கூரம் ஒன்றை நிறுத்தி வைக்கிற சாமான். டெஸ்பாட்ச் அனுப்பி வைக்கிற வேலை. எங்களுக்கு எதுக்கு நங்கூரம்?”

போச்சு. தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஓடிப்போய்விட்டன. பழைய இன்டர்வியூக்களில் வந்த அதே வேர்வை முதுகில் இறங்கியது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. அண்ணனும் செக்யூரிட்டி அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் சிநேகம் ஆகிவிட்டார்கள். பக்கத்தில் புது ஷெட் கட்டுவதற்காகக் கொட்டி வைத்த மணல் குவியல்.

“சார், ப்ளீஸ் கம் அவுட்சைட்” என்றேன். “ஐ வில் ஷோ யூ.”

மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. மேடம் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள்.

வாசல் மணல்

அண்ணன் நங்கூரத்தை மணலில் போட்டான். கயிற்றை முதலில் குட்டையாகப் பிடித்து, நங்கூரத்துக்குப் பக்கத்திலேயே சாரை நிறுத்தி, “இழுங்க சார்” என்றான். சார் இழுத்தார். கொக்கி மேலே தூக்கிக்கொண்டு துள்ளி வந்துவிட்டது. சார் பின்னால் சரிய, செக்யூரிட்டி அண்ணாச்சி ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

“இப்பம் கயித்த விடுதேன்” என்றான் அண்ணன். சாரைத் தள்ளித் தள்ளிக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். “பைய இழுங்க.”

கயிறு தரையோடு தாழ்ந்து படிந்தது. சார் இழுக்க இழுக்கக் கொக்கி மணலுக்குள் இறங்கியது. மேடமும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் நங்கூரம் அசையவில்லை.

அப்போது எனக்கு ஆங்கிலம் வந்தது. அது பாட்டுக்கு வந்தது.

“சார், பிடியைக் கொடுப்பது நீளமான கயிறு. கயிறு குட்டையானால் எவ்வளவு பெரிய நங்கூரமும் துள்ளிவிடும். லாரி தாமதமானால் துறைமுகத்தில் கத்துவார்கள். அதைக் கேட்டு இன்சார்ஜ் டிரைவரிடம் கத்துவார். டிரைவர் போனை அணைத்துவிடுவார். அப்புறம் லாரி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கத்த மாட்டேன், கயிற்றை நீளமாக விடுவேன். சாப்பிட்டீங்களா அண்ணாச்சி என்று கேட்பேன். அவர் எங்கே நிற்கிறார் என்ற உண்மையைச் சொல்வார். அதைத் துறைமுகத்துக்குச் சொல்வேன். அவர்கள் கப்பலில் இடத்தைப் பிடித்து வைப்பார்கள். நங்கூரம் இல்லாத வள்ளம் கரையை விட்டே போகாது, சார். அனுப்பி வைக்கிற வேலைக்குத்தான் நங்கூரம் வேண்டும்.”

சார் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, “குட்” என்றார். பிறகு இன்னொரு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

“அப்போ, டெஸ்பாட்சுக்கு நீங்கதான் ஆங்கரா?” என்று மேடம் கேட்டார்கள்.

“எங்க சட்டப்படி அத நான் சொல்லக் கூடாது மேடம். மத்தவங்கதான் சொல்லணும்” என்றேன்.

மேடம் சிரித்துக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பி, தமிழில் கேட்டார்கள். “இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?”

“எப்படிம்மா போவேன்? நங்கூரம் இங்கன கெடக்குல்லா.”

எனக்குச் சுருக்கென்றது. காலையில் நான் அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. சீலா மீன் நன்றாகப் பிடிபடுகிற வாரம் அது. ஊரே கடலில் இருந்தது. என் அண்ணன் தன் வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டு, பேட்டை மணலில் நங்கூரம் போட்டுக்கொண்டு நின்றான்.

ஒரு டிக்கெட்

மதியச் சாப்பாட்டுக்குக் கோமதியும் பாத்திமாக்காவும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். இருவரும் நங்கூரத்தைத் தொட்டார்கள். கோமதி கொக்கியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கை முழுக்கத் துரு. அதைக் கழுவாமலே வேலைக்குத் திரும்பிப் போனாள்.

முடிவு சாயங்காலம்தான் என்றார்கள். அண்ணனைப் பஸ் ஏற்றிவிட அனுமதி வாங்கிக்கொண்டு நானும் புறப்பட்டேன். நங்கூரத்தை அவன் தூக்கிக்கொண்டான். கயிற்றுச் சாக்கை நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல சேலை நாசமாய்ப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதிய பேருந்து நிலையத்தில் திசையன்விளை பஸ் நின்றுகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கோமதி. ஸ்பீக்கரைப் போட்டேன்.

“ஏட்டி மெற்றில்டா! மேடம் பாக்கிங் செக்‌ஷனுக்கே வந்து எங்களயும் அங்க கூப்பிட்டுட்டாங்கட்டீ. மெற்றில்டா உங்களுக்கு யாருன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. ஆபீஸ்காரங்க அம்புட்டு பேரும் நிக்காங்க. நான் எந்திரிச்சு, துருக்கையோட நின்னு, ‘ஷி இஸ் அவர் ஆங்கர்’னு சொன்னேன். ஒருத்தன் சிரிக்கலட்டீ! பாத்திமாக்காவும் எந்திரிச்சு அதையே சொன்னா. கெடச்சிட்டுட்டீ. ஒனக்குத்தான் கெடச்சிருக்கு!”

பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் அழுதேன். அந்தச் சொல்லை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. துரு ஒட்டிய கையோடு ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். இன்றுவரை என் கழுத்தில் விழுந்த மாலைகளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

“என்னட்டீ சொல்லுதா?” என்றான் அண்ணன்.

“வேல கெடச்சிட்டு அண்ணே. என்னய அவங்களுக்கு நங்கூரம்னு சொல்லுதா.”

அண்ணன் என்னைப் பார்த்தான். தோளில் இருந்த நங்கூரத்தை ஒருமுறை சரிசெய்துகொண்டான். படியில் ஏறினான்.

“யோவ் பெரியவரே, இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்” என்றார் கண்டக்டர்.

காலையில் இதற்காகச் சண்டை போட்டவன், இப்போது மடியிலிருந்து காசை எடுத்தபடி பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்.

“ஒரு நங்கூரத்துக்கு மட்டும் டிக்கெட் போடும் வே. இன்னொண்ணு பேட்டையிலயே இருக்கட்டும். அவங்களுக்கு வேணுமாம்.”